முப்பத்திரண்டால் வகுபடாதவை

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்துக்குப் பூசிய சாம்பல் நிறங்களுக்கு எண் உண்டு. ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 என்ற அந்நாட்டு அரசின் வண்ண அட்டவணைப்படி மேற்பகுதிக்கு 35237, பக்கங்களுக்கு 36320, அடிவயிற்றுக்கு 36375. முதல் இலக்கம் 3 என்றால் மினுக்கமே இல்லாத மேட் பூச்சு என்று அர்த்தம். இந்த எண்களுக்கு அச்சு அசலாகக் கலந்த பெயின்ட் இப்போது சின்னக் குப்பிகளில் கிடைக்கிறது. வாங்கி, 1/32 அளவு பிளாஸ்டிக் மாடல் ஒன்றின் மேல் ஒரே சீராக அடித்துக் காயவைத்துப் பாருங்கள். வடிவம் சரி, எண் சரி, ஆனால் மேசைமேல் நிற்பது பொம்மை. நிறம் ஒரு படி கறுத்துத் தெரியும். கப்பல் தளத்தில் வந்து மோதி இறங்குகிற பத்தொன்பது, இருபது டன் உலோகம் என்ற நினைப்பே வராது.

மாடல் கட்டுகிறவர்களிடம் இதற்கு ஒரு வழக்கமான விளக்கம் இருக்கிறது. நிஜ விமானத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிறோம், இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளுக்க வைக்கிறது, மாடலில் அந்தக் காற்று இல்லை, ஆகவே பெயின்டில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. மாடலை 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 9.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். பத்து மீட்டர் காற்று எந்த நிறத்தையும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வெளுக்க வைக்காது. மலைகள் நீலமாகத் தெரிவதற்குப் பல கிலோமீட்டர் காற்று தேவைப்படுகிறது. விளக்கம் தவறு, வைத்தியம் மட்டும் சரி. வெள்ளை கலந்தால் உண்மையிலேயே மாடல் தேறுகிறது. ஏன்?

காரணம் காற்றில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. நண்பகல் வெயிலில் நிற்கும் விமானத்தின் மேல் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி விழுகிறது. வீட்டு அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் அது நல்ல வெளிச்சம். இருநூறு மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண் சமாளித்துக்கொள்கிறது, ஆனால் முழுதாக அல்ல. ஒளி குறையும்போது நிறங்களின் செறிவும் குறைந்து தெரிகிறது என்பதை ஆர். டபிள்யூ. ஜி. ஹன்ட் என்ற பிரிட்டிஷ் வண்ண அறிவியலாளர் 1952இல் எடுத்துக்காட்டினார். அது அவர் பெயராலேயே ஹன்ட் விளைவு எனப்படுகிறது. அதற்குக் கூடப்பிறந்தது ஸ்டீவன்ஸ் விளைவு: ஒளி குறைந்தால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் மங்கிவிடும். வெயிலில் வெள்ளை சுள்ளென்று வெள்ளையாகவும் கறுப்பு நல்ல கறுப்பாகவும் தெரியும். அதே பெயின்ட் அறைக்குள் வந்தால் எல்லாமே நடுவில் வந்து ஒடுங்கி, மந்தமான ஒரே சாம்பலாகிவிடும். குறைந்துபோன அந்த வெளிச்சத்தைத்தான் கலந்த வெள்ளை கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

போதாக்குறைக்கு விளக்கின் வடிவம் வேறு. சூரியன் வானத்தில் அரை பாகை அகலமே உள்ள வட்டம், அதனால் அது போடும் நிழல்கள் கூர்மையானவை. அறையில் இருப்பது நாலடி டியூப்லைட். நீளம் 120 செ.மீ. மாடலின் உலகத்தில் அதை 32ஆல் பெருக்கினால் 38 மீட்டர். எஃப்-14 விமானத்தின் நீளமே 19.1 மீட்டர்தான். அதைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள ஒளிக்கழி ஒன்று அறுபது மீட்டர் உயரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே எந்த இடுக்கிலும் சரியான நிழல் விழாது. விளிம்புகள் மழுங்கும், உருண்டைகள் தட்டையாகும். மாடல்காரர் இடுக்குகளில் கருமையைப் பாய்ச்சுவதும், தட்டுகளின் நடுவில் நிறத்தை வெளுப்பதும், வெயில் செய்ய வேண்டிய வேலையைத் தூரிகையால் செய்துவைப்பதுதான். விமானத்தை 32ஆல் வகுக்க முடிகிறது, சூரியனை முடியவில்லை.

ஒளியோடு இது நிற்பதில்லை. பெரிய அளவு மாடல் கட்டுவதில் எதிர்ப்படும் சிக்கல்களில் பாதி, வகுபடாத ஏதோ ஒன்றிலிருந்து கிளம்புகிறது. பிளாஸ்டிக் தட்டுகளுக்கிடையே அச்சில் வரும் கோடு 0.2 மி.மீ. அகலம் என்றால் மிக நேர்த்தியான வேலை என்பார்கள். நிஜ அளவில் அது 6.4 மி.மீ. பென்சில் ஏறக்குறைய நுழைந்துவிடும். அப்படி வாய் பிளந்த தட்டுகளோடு எந்த ஜெட்டும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. நிஜத்தில் அந்த இணைப்புகள் நெருக்கமானவை, பலவற்றில் அடைப்புப் பசை நிரப்பியிருப்பார்கள். மாடலில் ஒரு கோட் பெயின்ட் 25 மைக்ரான் கனம் என்று வைத்தால், விமானத்தின் மேல் 0.8 மி.மீ. தடிமனாகத் தார் பூசியதுபோல் ஆகிறது. ப்ரைமர், நிறம், வார்னிஷ் என்று நாலு கோட் ஏறினால் மூன்று மில்லிமீட்டர். ரிவெட் தலைகளெல்லாம் அதில் மூழ்கிப்போகும். இறக்கையின் பின்விளிம்பை அச்சில் அரை மில்லிமீட்டருக்கு மெலிதாக வார்ப்பது கடினம், நிஜ அளவில் அதுவே ஒன்றரை செ.மீ. தடிப்பு. எமரி தாளை எடுத்து அந்த விளிம்பை உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குவதுதான் மாடலை ஒரே நாளில் பொம்மையிலிருந்து தூக்கி நிறுத்தும் வேலை. ஆனால் அதைப் படம் எடுத்துக் காட்டினால் யாரும் பாராட்டமாட்டார்கள், அழுக்கைத்தான் பாராட்டுவார்கள்.

1/32 அளவில் எஃப்-14 மாடல் கிட்டத்தட்ட 60 செ.மீ. நீளம். இறக்கையை முழுக்க விரித்தால் அகலம் 61 செ.மீ., பின்னுக்கு மடித்தால் 36. சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்காது. இத்தகைய கிட்டுகளுக்குப் பேர்போன இடம் ஜப்பானின் ஷிசுவோக்கா வட்டாரம். டாமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அஓஷிமா எல்லாம் அங்கேதான். டாமியா 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம். மர மாடல்கள் செய்து, 1960இல் யமாதோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது.

அந்தப் பிளாஸ்டிக், பாலிஸ்டைரீன். இருநூறு பாகை செல்சியஸுக்கு மேல் உருக்கி, எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்திக் குளிரவைக்கிறார்கள். குளிரும்போது அது அரை சதவீதம் வாக்கில் சுருங்கும். 60 செ.மீ. உடலில் இது மூன்று மில்லிமீட்டர், ஆகவே அச்சையே அவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும். தொல்லை எங்கே வருகிறதென்றால், தடித்த பகுதிகள் கடைசியாகக் குளிர்கின்றன. மேற்பரப்பு ஏற்கெனவே இறுகியிருக்க, உள்ளே சுருங்கும் பிளாஸ்டிக் அதை உள்ளுக்கு இழுத்து ஒரு குழியை உண்டாக்குகிறது. கிட்டில் எங்கே பள்ளம் தெரிகிறதோ அதற்கு நேர் பின்புறம் ஒரு தடித்த முளையோ விலா எலும்பு போன்ற பட்டையோ இருக்கும். பட்டி பார்த்துத் தேய்த்து மட்டம் செய்ய வேண்டியதுதான்.

ஒட்டுவதும் வித்தியாசமானது. மாடல் பசை உண்மையில் பசையே அல்ல, பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் போன்ற கரைப்பான். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகையின் நுனியைத் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசையால் திரவம் இடுக்கு முழுவதும் ஓடிவிடும். இருபக்கப் பிளாஸ்டிக்கும் இளகி, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியான பிறகு அங்கே இணைப்பு என்று ஒன்றில்லை, ஒரே பிளாஸ்டிக். காய்வதற்குக் காட்டும் பொறுமையை வைத்தே ஒருவர் எத்தனை மாடல் கட்டியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஈரம் போகுமுன் தேய்த்தால் இன்றைக்கு மட்டமாக இருக்கும், சில வாரம் கழித்துப் பெயின்டுக்கு அடியில் ஒரு வடுபோலச் சுருங்கித் தெரியும்.

விமானி அமரும் கூண்டின் கண்ணாடி தனிக்கதை. எஃப்-14, எஃப்-15, எஃப்-16 போன்றவற்றின் கண்ணாடிக் குமிழ் மேலே அகன்று கீழே குறுகியது. அதை அப்படியே வார்த்தால் அச்சிலிருந்து வெளியே எடுக்க முடியாது. அதனால் அச்சை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் நகரும்படி செய்கிறார்கள். விளைவு, கண்ணாடியின் நடு உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு தையல் கோடு. நிஜ விமானத்தில் அப்படி ஒன்று கிடையாது. பளிங்குபோல் இருக்கும் கண்ணாடியை வலிய எமரி தாளால் தேய்ப்பதற்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும். 2000, 4000, 8000, 12000 என்று நுண்மை கூட்டிக்கொண்டே போனால் கீறல்கள் சிறுத்துக்கொண்டே வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். கீறல் அதைவிடச் சிறிதாகிவிட்டால் ஒளிக்கு அது இருப்பதே தெரியாது. கடைசியில் தெளிந்த அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுப்பார்கள். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிஸ்டைரீனுடையது 1.59, அக்ரிலிக்குடையது 1.49. மிச்சமிருக்கும் கீறலில் காற்றுக்குப் பதில் அக்ரிலிக் நிரம்பியதும் ஒளி அங்கே அதிகம் தடுமாறுவதில்லை.

இவ்வளவும் பாடுபட்டுவிட்டு ஒரு துளி உடனடிப் பசையில், நம்மூரில் ஃபெவிக்விக் என்றே பெயராகிவிட்டதே அந்தச் சயனோஅக்ரிலேட்டில், எல்லாம் பாழாகிவிடலாம். அதன் ஆவி மூடிய கூண்டுக்குள் சுழன்று, கண்ணாடியில் படிந்து, அங்கிருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து வெள்ளைப் படலமாகும். விரல் பட்ட இடங்களில் இன்னும் அடர்த்தியாகப் படியும். குற்றவியல் ஆய்வகங்களில் கைரேகை எடுக்கப் பயன்படுத்துவது இதே வேதியியலைத்தான். கண்ணாடிக்கு மர வேலைக்கான வெள்ளைப் பசையே நல்லது.

பெயின்ட் அடிக்க ஏர்பிரஷ். 0.2, 0.3 மி.மீ. துளை வழியாகப் பெயின்டைக் காற்று இழுத்துத் துகளாக்குகிறது. துளிகள் பரப்பைத் தொடும்போது ஈரமாக இருக்க வேண்டும், தொட்டபின் ஓடக்கூடாது, இவ்வளவுதான் கலை. தூரம் அதிகமானால் துளி வழியிலேயே காய்ந்து மணல்போல் படியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடம் உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. ஏற்கெனவே நீர் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிக்க, பெயின்டுக்குள் ஈரம் சிக்கி வெள்ளை பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் சேர்த்தால் சரியாகும்.

இனி அழுக்கு. பெரும்பாலோர் இதற்காகத்தான் மாடல் கட்டவே வருகிறார்கள், பெரும்பாலோர் கெடுப்பதும் இங்கேதான். எஃப்-14 இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு கறைக்கும் காரணம் சொல்ல முடியும்.

1970இல் முதன்முதலாகப் பறந்து 1974இல் கப்பலேறிய காலத்தில் இந்த விமானம் பளபளக்கும் வெளிர் சாம்பல் பூசியிருந்தது. வால்களில் படைப்பிரிவின் சின்னங்கள் வண்ண வண்ணமாக இருந்தன. 1980களின் தொடக்கத்தில் கடற்படை மறைவு நிறங்களுக்கு மாறியது. அவைதான் தொடக்கத்தில் சொன்ன மூன்று மேட் சாம்பல்கள். மேட் பூச்சு ஒளியை ஒரு திசையில் திருப்பி அனுப்பாமல் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும், ஆகவே வெயிலில் பளிச்சிட்டு எதிரிக்குக் காட்டிக்கொடுக்காது. அப்படிச் சிதறடிக்க வேண்டுமானால் பரப்பு நுண்ணிய மேடு பள்ளமாக இருக்க வேண்டும். அதே மேடு பள்ளத்தில் கிரீஸ், பூட்ஸ் கறை, எண்ணெய் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும், துடைத்தால் வராது. பளபளப்பை விற்று மறைவை வாங்கிய கடற்படைக்கு அழுக்கு இலவச இணைப்பாக வந்து சேர்ந்தது. ஆகவே மாடலைக் கட்டத் தொடங்கும் முன்பே ஆண்டைத் தீர்மானித்துவிட வேண்டும். 1976ஆம் ஆண்டு டாம்கேட்டை 1986 போல அழுக்காக்கினால் அது வரலாற்றுப் பிழை மட்டுமல்ல, ஒளியியல் பிழையும்கூட.

அடுத்தது உப்பு. விமானத்தின் தோல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, அதைப் பிடித்திருக்கும் திருகுகள் பலவும் வேறு உலோகம். இரண்டு உலோகங்களுக்கிடையே உப்புநீர் நின்றால் அது ஒரு சின்ன மின்கலம், அலுமினியம் அரிக்கப்படும். கிட்டி ஹாக் போன்ற, எண்ணெயில் ஓடிய பழைய விமானந்தாங்கிக் கப்பல்களில் புகைபோக்கியின் கந்தக வாயுவும் சேர்ந்து அமிலமாகும். கழுவலாம் என்றால் நல்ல தண்ணீரை ஐயாயிரம் பேர் பங்குபோட்டுக்கொள்ளும் ஊர் அது. அதனால் பராமரிப்புப் பிரிவினர் அரிப்புத் தென்பட்ட இடங்களைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மேலே புதுச் சாம்பலை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஒட்டுப்போட்ட சாம்பல் பழையதோடு சேராது. பழைய பூச்சை வெயில் ஏற்கெனவே மாற்றிவிட்டிருக்கும். புற ஊதாக் கதிர், நிறமித் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் படலத்தைச் சிதைக்கிறது. மேலே துகள்கள் பொடியாக நிற்கும், விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும். பொடி ஒளியை இன்னும் சிதறடிப்பதால் நிறம் வெளுக்கிறது. இந்த வெளுத்த சாம்பலின் நடுவே புது ஒட்டுகள் திட்டுத்திட்டாக, பெரும்பாலும் கருமையாகத் தெரியும். மாடலில் இதைச் செய்கிறவர்கள் கைபோன போக்கில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அரிப்பு கைபோன போக்கில் வராது. அடிக்கடி திறந்து மூடும் மூடிகளின் ஓரத்தில், திருகு வரிசையின் மேல், தண்ணீர் தேங்கும் விளிம்பில் வரும். ஒட்டும் அங்கேதான் விழும். திருகு வரிசையின் மேல் இழுத்த ஒரு கோணல் பட்டை, நட்ட நடுவே வைத்த பத்துப் புள்ளிகளைவிட உண்மையாகத் தெரியும்.

டாம்கேட்டுக்கே உரிய கறை ஒன்று இருக்கிறது. அதன் இறக்கை பறக்கும்போதே 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னுக்கு மடியும். மடியும்போது இறக்கையின் பின்பகுதி உடலின் மேலிருக்கும் உறைக்குள் நுழைகிறது. இடைவெளியில் காற்று புகாமல் இருக்க, ஊதிப் பெருத்த பைகளும் அழுத்தித் தேய்க்கும் மூடிகளும் அதன் மேல் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை மடியும்போதும் அவை இறக்கையின் மேல் அழுக்கை இழுத்துக் கோடு போடுகின்றன. கோடு நேர்க்கோடு அல்ல. இறக்கையின் ஒவ்வொரு புள்ளியும் இறக்கை சுழலும் மையத்தைச் சுற்றியே நகர முடியும், ஆகவே தேய்ப்பின் தடங்கள் எல்லாம் அந்த ஒரே மையத்தைக் கொண்ட வட்ட வில்கள். காற்று போகும் திசையில் அழுக்கை இழுத்துப் பழகிய கை இங்கே தவறிவிடும். மாடலில் இறக்கையைப் பொருத்துவதற்கு முன், சுழல் முளை இருக்கும் துளையில் காம்பஸின் ஊசிக் காலை ஊன்றி, மென்மையான பென்சிலால் வில்களை இழுத்து, பிறகு விரலால் மங்கச் செய்வது ஒரு வழி. படத்தில் சாதாரண அழுக்காகத் தோன்றிய அந்த இடம், சுழற்சியின் வடிவியல் தெரிந்தவுடன் சட்டென்று விளங்கிவிடும்.

எண்ணெய்க் கசிவுக்கும் இதே விதி. பறக்கும்போது கசிந்த ஹைட்ராலிக் திரவத்தைக் காற்று பின்னோக்கி இழுக்கும். தளத்தில் நிற்கும்போது கசிந்தது நேர் கீழே வழியும். இரண்டையும் ஒரே மூடியின் கீழே பார்த்தால் விமானம் இரண்டு நிலையிலும் கசிந்தது என்று பொருள், அது மிகவும் சகஜம். மூக்கின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அழுக்காக இருக்கும். விமானிகள் ஏறும் ஏணி இடப்பக்கம், ஆறு குழல் வல்கன் பீரங்கியும் இடப்பக்கம். பூட்ஸ் தேய்வும் வெடிமருந்துக் கரியும் ஒரே பக்கத்தில் சேர்கின்றன. இரண்டு பக்கத்தையும் சமமாக அழுக்காக்கிய மாடல், நேர்த்தியாகச் செய்திருந்தாலும், அந்த விமானத்தில் யாரும் ஏறியதில்லை என்று சொல்லிவிடும்.

எஞ்சின் வாயில் உள்ள உலோகத்தில் வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக ஒரு சாயல் ஓடும். அது கறையும் அல்ல, நிறமியும் அல்ல. சூட்டில் உலோகத்தின் மேல் வளரும் ஆக்ஸைடு படலம் சில பத்து நானோமீட்டர் கனத்தில் இருக்கும்போது, அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் அந்த நிறங்களை உண்டாக்குகின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும். ஆகவே வரிசை மாறக்கூடாது: அதிகம் சூடான இடத்தை ஒட்டி நீலம், விலகிப்போகப் போக ஊதா, கடைசியில் மஞ்சள். பிளாஸ்டிக்கைச் சூடாக்க முடியாது, பாலிஸ்டைரீன் நூறு பாகையிலேயே இளகிவிடும். அதனால் உலோகப் பெயின்டின் மேல் ஒளி ஊடுருவும் நீலத்தையும் பழுப்பையும் புகைபோல அடிக்கிறார்கள். அந்த உலோகப் பெயின்டிலும் வகுபடாத சங்கதி உண்டு. சாதாரண வெள்ளி பெயின்டில் இருக்கும் அலுமினியச் செதில்கள் 10, 20 மைக்ரான் அகலம். 32ஆல் பெருக்கினால் அரை மில்லிமீட்டர் வரும். விமானத்தின் மேல் ஜிகினா தூவியதுபோல் மின்னும். மிக நுண்ணிய செதில் கொண்ட லாக்கரைக் கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்பின் மேல் அடித்தால்தான் செதில்கள் படுத்துக்கொண்டு உலோகமாகத் தெரியும்.

அழுக்கை ஏற்றுவதன் வேதியியல் எளிமையானது: மேலே வரும் அடுக்கின் கரைப்பான் கீழிருக்கும் அடுக்கைக் கரைக்கக் கூடாது. லாக்கரை ஒயிட் ஸ்பிரிட் தொடாது. ஆகவே அடியில் லாக்கர், அதன் மேல் மினுக்கும் வார்னிஷ், அதன் மேல் ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்த எண்ணெய் வண்ணம். பிடிக்காவிட்டால் அதே ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நடுவில் ஏன் மினுக்கம் என்றால், வழவழப்பான பரப்பில் திரவம் தட்டுக் கோடுகளுக்குள் மட்டும் ஓடும். மேட் பரப்பின் ஒவ்வொரு நுண்பள்ளமும் ஒரு கோடுதான், அங்கே திரவம் எல்லாப் பக்கமும் ஊறிப் பரவிவிடும். பரவிய இடம் காயும்போது ஓரத்தில் கறுத்த வளையம் விழும். சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவைவிட ஓரம் கறுத்திருப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான் இதற்கும். துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொண்டு வேகமாக ஆவியாகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடுகிறது, துகள்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழகச் சகாக்களும் 1997இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். மாடல்காரர்கள் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழிந்த கறையைத் தண்ணீரையோ எண்ணெயையோ உண்மையாக வழியவிட்டு உண்டாக்க முடியுமா? முடியாது. நிஜத்தில் ஐந்து மில்லிமீட்டர் அகலக் கசிவு, மாடலில் 0.16 மி.மீ. பரப்பு இழுவிசையும் 32ஆல் வகுபடாது, எந்தத் திரவமும் அவ்வளவு மெல்லிய கோடாகத் தானே ஓடாது, திரண்டு நிற்கும். ஆகவே ஒரு ஊசிமுனை அளவு எண்ணெய் வண்ணத்தை வைத்து, ஏறக்குறைய காய்ந்த தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்து இழுத்துக் கிட்டத்தட்ட அழித்தேவிடுவார்கள். மிஞ்சுவதுதான் கறை. வெயில் வெளுத்த திட்டுகளுக்கு இன்னொரு தந்திரம்: பரப்பை நனைத்துச் சமையல் உப்பைத் தூவி, காயவைத்து, மேலே வெளிறிய சாம்பலை மெலிதாக அடித்து, உப்பைத் துடைத்துவிடுவது. நிஜ விமானத்தைத் தின்னும் உப்புக்கு மாடல் மேசையில் இப்படி ஓர் உத்தியோகம்.

சில வழக்கங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தட்டின் நடுவையும் வெளுத்து ஓரத்தைக் கறுப்பாக்கி, விமானத்தையே சதுரங்கப் பலகையாக்குவது ஒன்று. வெயிலுக்குத் தட்டு எங்கே முடிகிறது என்று தெரியாது. வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய மூடி ஒன்று வேறு நிறத்தில் இருக்கலாம், எல்லா மூடியும் அப்படி இருக்காது. மற்றது, ஜெட் விமானங்களில் பெயின்ட் உரிந்து வெள்ளியாகத் தெரியும்படி செதுக்குவது. இரண்டாம் உலகப் போரின் ஜப்பானிய விமானங்கள் பலவற்றில் ப்ரைமர் இல்லாமல் வெறும் உலோகத்தின் மேலேயே பெயின்ட் பூசியதால் பாளம் பாளமாக உரிந்தது. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கை, எபாக்ஸி ப்ரைமரும் பாலியூரிதேன் பூச்சும் போட்ட டாம்கேட்டிலும் அதையே செய்கிறது. நவீன ஜெட் உரிவதில்லை, கறை படிகிறது.

பார்த்துச் செய்ய நிஜ விமானம் கிடைப்பதும் அரிது. அமெரிக்கக் கடற்படை 2006இல் எஃப்-14ஐ ஓய்வுக்கு அனுப்பியது. உதிரிப் பாகங்கள், இதே விமானத்தை வாங்கியிருந்த ஈரானுக்குப் போய்விடக்கூடாது என்று, சேமிப்பில் இருந்தவற்றில் பலவற்றை எந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள். அருங்காட்சியகங்களில் நிற்பவை மறுபடி பெயின்ட் அடித்தவை, பல வருஷம் வெட்டவெளியில் நின்றவை. அங்கே தெரியும் அழுக்கு அருங்காட்சியகத்தின் அழுக்கு, கப்பலின் அழுக்கு அல்ல. எஞ்சியவை படங்கள். படச்சுருளின் நிறச்சாய்வு, மாலை வெயில், அச்சுத் தாள் எல்லாம் சேர்ந்து சாம்பலை நீலமாக்கும், பழுப்பாக்கும். அதனால் ஒரே விமானத்தை, வால் எண்ணை வைத்து, ஒரே கடற்பயணத்தின் வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களைத் தேடுகிறார்கள். புறப்பட்ட வாரத்தில் ஒட்டு ஒன்று இரண்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது உடம்பு முழுக்க ஒட்டு. மாடல் எந்த மாதத்து விமானம் என்று கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வேலை மேட் வார்னிஷ். நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்த இந்தப் பூச்சு, மினுக்கத்தைக் கொன்று எல்லா நிறத்திலும் ஒரு சிட்டிகை வெள்ளையைச் சேர்த்துவிடும். அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்த கறைகளில் பாதி பின்வாங்கிவிடும். அனுபவப்பட்டவர்கள் இதை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கறையை ஒரு படி தூக்கலாகவே வைக்கிறார்கள், வார்னிஷ் காய்ந்தபின் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் எண்ணெய்க் கசிவுக்கு மினுக்கம் கொடுக்கிறார்கள். பிறகு ஜன்னலோரம் வைக்காமல் அலமாரியின் உள்பக்கம் வைக்கிறார்கள். பாலிஸ்டைரீனின் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி மஞ்சளிக்கும், டீக்கால் எனப்படும் வெள்ளை ஒட்டுப்படங்களும் தெளிந்த வார்னிஷும் அதற்கு முன்பே பழுத்துவிடும். எல்.இ.டி. விளக்கு பரவாயில்லை. தூசிக்கு மூடிய பெட்டி, அல்லது மேக்கப் போடும் அகன்ற மென்மையான பிரஷ். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும், ஆன்டெனாவும் உடையும்.